பேட்டரியை மாற்றுவதற்கு முன் லைனைப் பாருங்கள்

ஆறு மாதத்தில் 3 பேட்டரி மாற்றிய போன் ஒன்று, நாலாவது பேட்டரி கேட்டு என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போகிற தம்பியின் போன். சார்ஜ் காலையில் 100 சதவீதம், மத்தியானம் 15. சோதித்துப் பார்த்தால் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இதே குறையோடு போன்கள் வந்தபடி இருக்கின்றன. பணம் வீணாகப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"போனைத் தொடவே இல்லைண்ணே, பாக்கெட்டில்தான் கிடந்தது. அப்புறம் எப்படி சார்ஜ் இறங்கும்?" எல்லாரும் கேட்பது இதைத்தான். போன் பாக்கெட்டில் கிடந்தாலும் சும்மா கிடப்பதில்லை. லைன், அதாவது சிக்னல், நன்றாக உள்ள இடத்தில் கோபுரத்தோடு மெதுவாகப் பேசும். 1 மில்லிவாட்டுக்கும் குறைவான சக்தி போதும். லைன் மங்கினால் கத்த வேண்டும். 4ஜி போன் 200 மில்லிவாட் வரைக்கும் ஏறும். அடியோடு லைன் இல்லாத இடத்தைவிட, வெட்டி வெட்டி வரும் இடம் இன்னும் மோசம். லைனைத் தேடும், பிடிக்கும், விடும், மறுபடி தேடும். நடுவில் வாட்ஸ்அப் அனுப்ப முயன்று தோற்று, திரும்பவும் முயலும். செம்பனை ஓலை, அதுவும் மழையில் நனைந்த ஓலை, அலையை நன்றாக உறிஞ்சிவிடும். பள்ளத்தில் வேலை என்றால் மேடும் சேர்ந்து மறைக்கும். எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இந்தத் தேடல் நிற்காது.

நம்பாவிட்டால் நீங்களே அளந்து பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் சிக்னல் அளவு வரும், சாம்சங்கில் *#0011#. 4ஜி எண் மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்ல லைன். மைனஸ் 110 தாண்டினால் போன் திணறுகிறது. மைனஸ் 120 என்றால் லைன் இல்லாத கணக்குதான். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் லைன் மோசம் என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் நிறைய.

இனி செய்ய வேண்டியது. லைன் எட்டாத பகுதியில் வேலை என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். பசியாறும் நேரத்தில் மேட்டுக்கு வந்து எடுத்துவிடுங்கள். 5ஜி விட்டு விட்டு வந்தால் 4ஜிக்கு இறக்குங்கள். சார்ஜ் மிச்சமாகும் என்று 3ஜியில் வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள். மலேசியாவில் 3ஜியை 2021 கடைசியோடு மூடியாகிவிட்டது, அந்த போன் 2ஜியில்தான் தொங்கும். டாப் அப் போடாமல் காலாவதியான இரண்டாவது சிம்மை உள்ளேயே விட்டிருக்கிறீர்களா? அதுவும் லைன் தேடிக்கொண்டிருக்கக் கூடும். அமைப்பில் அணையுங்கள், இல்லை கழற்றிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் போனை ஒட்ட உறைக்குள் வைத்த இரும்புத் தகட்டையும் எடுங்கள், ஆண்டெனாவை மறைக்கும்.

ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவதால் சார்ஜ் மிச்சமாகாது. திறக்கும்போதெல்லாம் புதிதாக ஏற்றப் பேட்டரிதான் செலவாகும். பேட்டரி 'பூஸ்டர்' ஆப்பை இன்றைக்கே அழியுங்கள்.

வீட்டு வைஃபை கதை வேறு. 'இணைந்தது, இணையம் இல்லை' என்று வந்தால் முதலில் இன்னொரு போனில் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் கோளாறு ரௌட்டரிலோ வீட்டு இணைய லைனிலோ. உங்கள் போனை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? உங்கள் போனில் மட்டும் என்றால் அந்த வைஃபையை மறக்கச் செய்து, கடவுச்சொல்லைத் திரும்பப் போடுங்கள். அடுப்படியில் மட்டும் விழவில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4க்கு மாறுங்கள், சுவர் தாண்டும். எதற்கும் மசியாவிட்டால் நெட்வொர்க் அமைப்பை மட்டும் மீட்டமையுங்கள். வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. மொத்த போனையும் அழித்துவிட்டு அழுதுகொண்டு வராதீர்கள். இடி இடித்தால் ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரியே கெட்டது என்றால் அடையாளம் வேறு: 30 சதவீதத்தில் திடீரென்று அணையும், லைன் நன்றாக உள்ள வீட்டிலும் மடமடவென்று இறங்கும், பின்மூடி எழும்பும். எழும்பிய மூடியை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வீங்கிய பேட்டரியை அமுக்கினால் தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாருங்கள்.