டிஸ்ப்ளே வராத பழைய கம்ப்யூட்டர்: முதலில் படம் எங்கே அறுந்தது என்று பாருங்கள்

பழைய டெஸ்க்டாப்பைச் சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர், என்ன கோளாறு என்பதோடு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "டிஸ்ப்ளே வரல சார், ஃபார்மேட் பண்ணிக் குடுத்துடுங்க" என்பார் ஒருவர். "மானிட்டர் போயிடுச்சு, புதுசு வாங்கிடலாமா?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் அவசரம் இருக்கிறது. முதலாவதில் ஆபத்தும் இருக்கிறது.

ஸ்விட்சைப் போட்டதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் முதலில் ராமையும் கிராபிக்ஸையும் சோதிக்கும். அவை ஒழுங்காக இருந்தால்தான் திரையில் லோகோ வரும். ஹார்டு டிஸ்க்கைத் தேடி விண்டோஸை எழுப்புவது அதற்கும் பிறகுதான். லோகோவே வராத கம்ப்யூட்டரில் டிஸ்க்கின் முறை இன்னும் வரவேயில்லை. அந்த நிலையில் டிஸ்க்கைக் கழற்றி வேறு எங்காவது மாட்டி ஃபார்மேட் செய்தால் கோளாறு அப்படியே இருக்கும், நீங்கள் சேர்த்து வைத்த பைல்கள் மட்டும் போய்விடும்.

கிராபிக்ஸ் சிப்பில் உருவாகும் படம் போர்ட் வழியாக வெளியே வந்து, கேபிளில் ஓடி, மானிட்டருக்குள் இருக்கும் போர்டைக் கடந்து பேனலுக்குப் போகிறது. பேனலுக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால்தான் அது நம் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பாதையில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் பெரும்பகுதி. இதற்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

முதலில் மானிட்டர் என்ன சொல்கிறது என்று படியுங்கள். 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டுகிற மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பேனலும் எரிகிறது, விளக்கும் எரிகிறது, படம்தான் வந்து சேரவில்லை. வி.ஜி.ஏ. கேபிளை மாட்டிவிட்டு மானிட்டரை எச்.டி.எம்.ஐ.யில் வைத்திருந்தாலும் இதே செய்திதான் வரும், அதனால் இன்புட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் இன்னும் நல்லது. சிக்னல் வருகிறது, ஆனால் அந்த மானிட்டரால் தாங்க முடியாத ரெசல்யூஷனில் வருகிறது. விண்டோஸைக் குறைந்தபட்ச வசதிகளோடு திறக்கும் சேஃப் மோடில் போய் ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும்.

மானிட்டரில் பவர் லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு, ஒரு செய்தியும் இல்லை என்றால் டார்ச் எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைக்கு மிக அருகில் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் கம்ப்யூட்டரிலும் கேபிளிலும் குறையில்லை, பின்னால் இருக்கும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எல்.இ.டி.க்கு முந்தைய எல்.சி.டி. மானிட்டர்களில் மெல்லிய ட்யூப் லைட்டுகளும் அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டும் இருக்கும். படம் ஓரிரு விநாடி வந்து உடனே இருட்டாகிறது என்றால் சந்தேகம் அங்கேதான். பின்பக்கத்தை நீங்களே திறக்க வேண்டாம். பிக்சர் ட்யூப் வைத்த பழைய பெட்டி மானிட்டராக இருந்தால் கண்டிப்பாகவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

திரையில் கோடு விழுகிறதா? மானிட்டரின் சொந்த மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனுவை வரைவது கம்ப்யூட்டர் இல்லை, மானிட்டரே. கோடு மெனுவின் மீதும் ஓடினால் குறை பேனலில். மெனு சுத்தமாக இருந்து, பின்னால் உள்ள படத்தில் மட்டும் கோடு என்றால் கேபிள் பக்கமோ கம்ப்யூட்டர் பக்கமோ தேட வேண்டும். அப்புறம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ திறந்து பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் கிராபிக்ஸ் கார்டையோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ சந்தேகிக்கலாம். போனில் ஆலோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த இரண்டையும்தான். திரையை போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதில் எனக்கு ஒன்றும் பிடிபடாது.

நிறம் மாறித் தெரிவதற்கு வருவோம். திரை முழுக்க மஞ்சளடித்தாலோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ பலரும் பேனல் பழசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் வி.ஜி.ஏ. கேபிளின் தலையில் ஊசி போன்ற ஒரு பின் கெட்டாலும் இப்படி ஆகும். வி.ஜி.ஏ. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. நீலத் தலை, மூன்று வரிசையில் 15 பின். அதில் முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகும், பச்சை வராவிட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும், சிவப்பு வராவிட்டால் வெளிர்நீலமாகும். ஆக நிறத்தைப் பார்த்தே எந்தப் பின் என்று சொல்லிவிடலாம். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பின் வளைந்து பக்கத்தில் படுத்திருப்பது தெரியும். மெல்லிய ட்வீசரால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒன்பதாவது பின் இல்லையே என்று பதற வேண்டாம், பல கேபிள்களில் அது தயாரிக்கும்போதே இருக்காது. 12, 15 ஆகிய பின்கள் வேறு வேலை செய்கின்றன. மானிட்டர் தன் அளவை கம்ப்யூட்டருக்குச் சொல்வது அவற்றின் வழியாகத்தான். அவை போனால் படம் வரும், ஆனால் மானிட்டரின் உண்மையான ரெசல்யூஷன் பட்டியலிலேயே காட்டாது. டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பலனிருக்காது, கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

கேபிள் என்றதும் இன்னொன்று. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒருவழிப் பாதை. அதையே திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. கேபினெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் போர்ட்டுகள் கீழே தனியாக இருக்கும். கார்டு இருக்கும்போது பல மதர்போர்டுகள் தம் சொந்த போர்ட்டை அணைத்துவிடும். தூசி தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது கேபிளை மேலே உள்ளதில் செருகிவிட்டு, டிஸ்ப்ளே போச்சு என்று வருகிறவர்கள் நிறைய.

சரி, மானிட்டரும் கேபிளும் வேறு கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கின்றன. இங்கே மட்டும் ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் ராமிலிருந்து தொடங்குவது என் வழக்கம். ஏனென்றால் வயதான கம்ப்யூட்டரில் அதிகம் சிக்கல் தருவது அதுதான், செலவில்லாமல் சரியாவதும் அதுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். ரப்பர் வைத்துத் தேய்ப்பது எல்லோரும் செய்வது, பலன் கொடுக்கவும் செய்யும். ஆனால் சொரசொரப்பான ரப்பர் தங்க முலாமைச் சுரண்டும், துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பதே நல்லது. திரும்ப மாட்டும்போது கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் அதையும் எண்ணுங்கள். எத்தனை என்பது பயாஸைச் செய்த நிறுவனத்தைப் பொறுத்தது. அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் கிராபிக்ஸ் கோளாறு. ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டு குட்டை பீப் வந்தால் டிஸ்ப்ளே மெமரி.

தேதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதோடு பயாஸ் செட்டிங்குகளும் அழியும், எந்த கிராபிக்ஸை முதலில் எடுக்க வேண்டும் என்பது உட்பட. மாற்றிவிடுங்கள். கேபினெட் திறந்திருக்கும்போதே சின்ன உருளை கெப்பாசிட்டர்களின் தலையையும் ஒரு பார்வை பாருங்கள். அது தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ குறை அங்கே. 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் வந்த போர்டுகளில் இது பெரிய தொல்லையாகவே இருந்தது. சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தர முடியும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் ஒரே கேள்விதான்: கட்டம் கட்டமாக நிறம் சிதறுவது எப்போது தொடங்குகிறது? லோகோ வரும்போதே என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர். விண்டோஸ் திறந்த பிறகு மட்டும் என்றால் டிரைவராக இருக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி தொடங்கும், சும்மா ஒரு முறை செய்து பார்க்கலாம். கேம் போட்டுக் கொஞ்ச நேரத்தில் இருட்டானால் சூடு அல்லது பவர் சப்ளை. கார்டின் ஃபேனைத் தூசி தட்டுங்கள், அடைத்த காற்றால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது 12 வோல்ட் லைனில் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி.யாகச் சேர்ந்து நிற்கிறது.

கார்டை அடுப்பு அவனில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். சில சமயம் வரும்தான். கொஞ்ச நாளில் மறுபடி போகும். அதற்குள் பிளாஸ்டிக்கும் சால்டரிங்குக்குப் போடும் ஃப்ளக்ஸும் புகைந்த அவனில் யார் சமைப்பது? மதர்போர்டிலேயே மானிட்டரை மாட்டும் போர்ட் இருந்து, பிராசஸரிலும் கிராபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு அதில் ஓட்டுங்கள். தட்டச்சுக்கும் வீடியோ பார்க்கவும் அது போதும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, மதர்போர்டே போய்விட்டது என்று தெரிந்தாலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி, டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் அடாப்டரில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி பைல்களை எடுத்துவிடலாம். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. மட்டும் கொடுக்கும் மின்சாரத்தில் அது சுற்றாது. பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.