பேறுகாலத்தில் நறுமண எண்ணெய்: அமைதி எவ்வளவு, ஆபத்து எங்கே?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், மாய்தோ மலைக்குப் போகும் வழியில் உள்ள பெத்தீத் ஃப்ரான்ஸ் பகுதியில், ஜெரேனியம் இலையைச் செப்புக் கொப்பரையில் இட்டு நீராவியால் வடித்து, அந்த எண்ணெயைச் சிறு குப்பிகளில் அடைத்துச் சாலையோரத்திலேயே விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போனவர்கள் ஒரு குப்பியாவது வாங்காமல் இறங்குவது அரிது. அந்தக் குப்பி அந்த வாரத்திலேயே என் மேசைக்கு வந்துவிடும். “அக்கா, இதை வயிற்றில் கொஞ்சம் தடவிக்கொள்ளலாமா? ராத்திரியில் தூக்கமே வருவதில்லை” என்று கேட்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது மாதமாக இருக்கும்.

நான் புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் படித்து, ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில் சாழ்-ஃபாமாக, அதாவது பேறுகால மருத்துவச்சியாகப் பணிபுரிகிறேன். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லத் தொடக்கத்தில் நானும் முயன்றதுண்டு. “வேண்டாம்” என்றால் வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் தடவிக்கொள்கிறார்கள். “தடவலாம்” என்றால் அடுத்த வாரம் குப்பி பாதி காலியாகியிருக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் குப்பியைத் திறக்கும் முன் அதற்குள் இருப்பது என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பழகிய நமக்கு, எண்ணெய் என்றால் உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கும் பொருள். நறுமண எண்ணெய் அந்த இனத்தைச் சேர்ந்ததே அல்ல. ஒரு கிலோ ஜெரேனியம் எண்ணெய்க்குப் பல நூறு கிலோ இலை வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சொட்டுக்குள் எவ்வளவு செடி ஒடுங்கியிருக்கிறது என்பது விளங்கும். அதிலுள்ள வேதிப்பொருள்கள் மிக நுண்ணியவை; தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் கலக்கக்கூடியவை; அவற்றுள் பல நச்சுக்கொடியையும் தாண்டிக் குழந்தையை எட்டக்கூடியவை. “இயற்கையானதுதானே” என்பார்கள். எருக்கம்பாலும் இயற்கையானதுதான்.

அப்படியானால் அது தரும் அமைதி வெறும் கற்பனையா என்றால், அதுவும் இல்லை. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே உள்ளே போகிறது. மணமோ மூக்கின் நரம்பிலிருந்து, உணர்ச்சிகளையும் நினைவுகளையும் ஆளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேருகிறது. அதனால்தான் ஒரு மணம், அது என்ன மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே நம்மை அழவைக்கிறது அல்லது தோளைத் தளரவைக்கிறது. ஆனால் இதே காரணத்தால் எந்த மணமும் எல்லாருக்கும் அமைதி தருவதில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சேந்த் ஆந்த்ரேயைச் சேர்ந்த ஒரு பெண். பிள்ளை பெற்று வீடு திரும்பிய அவரை வரவேற்க, புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மாமியார் அன்போடு சாம்பிராணி போட்டிருக்கிறார். அந்தப் பெண் அறைக்குள் வர மறுத்துவிட்டார். இத்தீவில் தலைமுறைகளாக வாழும் தமிழ் வழிக் குடும்பங்களில் ‘சம்ப்லானி’ என்பது மறைந்தவர்களுக்குப் படையல் வைக்கும் சடங்கின் பெயர். அவருக்கு அந்தப் புகை, முந்தைய ஆண்டு இறந்துபோன தந்தையின் மணம். மாமியாருக்குத் தலைக்குளித்த குழந்தையின் மணமாக இருந்தது மருமகளுக்குச் சாவு வீட்டின் மணமாக இருந்தது. இருவரிடமும் தவறில்லை. எந்த எண்ணெய் மனத்துக்கு நல்லது என்று பட்டியல் கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1990 முதல் எட்டு ஆண்டுகள், பிரசவ வலியின்போது நறுமண எண்ணெய் பயன்படுத்திய 8,058 பெண்களைப் பற்றி மருத்துவச்சிகள் பதிவு செய்தார்கள். பலர் பயமும் பதற்றமும் குறைந்ததாகச் சொன்னார்கள். சுமார் 1 விழுக்காட்டினருக்குக் குமட்டல், தலைவலி போன்ற லேசான தொல்லைகள் ஏற்பட்டன. ஆனால் அது ஒப்பிட்டுப் பார்த்த சோதனை அல்ல, அனுபவத்தின் தொகுப்பு. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடியபோது 535 பெண்களை உள்ளடக்கிய இரண்டே ஆய்வுகள் கிடைத்தன. வலி குறைந்ததற்குப் போதிய சான்று அவற்றில் இல்லை. என் அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. வலியை எண்ணெய் போக்குவதில்லை. எண்ணெய் தடவ ஒருவர் அருகில் உட்கார்ந்து, பத்து நிமிடம் காலைப் பிடித்துவிட்டு, கைப்பேசியை எடுத்து அப்பால் வைத்தால், அந்தப் பத்து நிமிடம் வேலை செய்கிறது. மணம் அதற்கு ஒரு துணை. இதைச் சொன்னால் சில கணவன்மார்களுக்குப் பிடிப்பதில்லை, ஏனெனில் குப்பியை வாங்கிக் கொடுப்பது எளிது.

இனி நடைமுறை. முதல் மூன்று மாதங்களில் எந்த நறுமண எண்ணெயையும் தோலில் தடவ வேண்டாம் என்பதே என் நிலை. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. போதாததற்கு, மசக்கையில் மூக்கு கூர்மையாகிவிடுவதால், நேற்று இனித்த மணமே இன்று குமட்டும். நான்காம் மாதத்திலிருந்து, மருத்துவரோ மருத்துவச்சியோ பார்த்துச் சரி என்ற பிறகு, லாவெண்டர், மாண்டரின், நம் ஜெரேனியம் போன்ற மென்மையான சிலவற்றை 1 விழுக்காட்டு அளவில் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி பாதாம் எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ ஒரே ஒரு சொட்டு என்றால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றிலும் மார்பிலும் வேண்டாம். கால், முதுகு, தோள் போதும். ஆஸ்துமா, வலிப்பு நோய் உள்ளவர்களும், உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்களும் கேட்காமல் தொடவே கூடாது.

தோலில் தடவுவதைக் காட்டிலும், ஒரு சொட்டைக் கைக்குட்டையில் இட்டு, சிறிது தள்ளிப் பிடித்து நான்கைந்து முறை மெதுவாக மூச்சு இழுப்பதையே நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் கைக்குட்டையை அப்புறப்படுத்திவிடலாம். தோலில் தடவியதை அப்படி எடுத்துவிட முடியாது. மழைக்காலத்தில் சன்னலை அடைத்து, ஏசியைப் போட்டு, மணம் பரப்பும் மின்சார டிஃப்யூசரை இரவு முழுவதும் ஓடவிடும் பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. பிரான்ஸ் அரசின் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சுவாச நோயுள்ளவர்களும் இருக்கும் இடத்தில் இத்தகைய தெளிப்பான்களையும் டிஃப்யூசர்களையும் தவிர்க்குமாறு 2020-இல் அறிவுறுத்தியது. சர்க்கரைக் கட்டியில் இரண்டு சொட்டு விட்டு விழுங்கும் பிரெஞ்சுக்காரர்களின் வழக்கமும் கர்ப்ப காலத்தில் அறவே கூடாது.

தவிர்க்க வேண்டியவற்றில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். சேஜ், ஹிஸ்ஸோப், துயா, அருவதா, மாசிபத்திரி இனத்துச் சில செடிகள் ஆகியவற்றின் எண்ணெய்களை மருந்தகத்தைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது என்று பிரான்சில் 2007-ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. வலிப்பு, கருச்சிதைவு போன்றவற்றுக்கு இடமளிப்பவை அவை. இணையத்தில் வரவழைக்கும்போது இந்தக் காவல் இல்லாமல் போகிறது. கோல்தேரி எனப்படும் விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் மீதைல் சாலிசிலேட். அதன் ஒரு தேக்கரண்டி சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடு. இடுப்பு வலிக்கு நாம் தேய்க்கும் பல தைலங்களிலும் இது இருப்பதால், குப்பியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும், குறிப்பாக ஆறாம் மாதம் தொடங்கிய பிறகு. எலுமிச்சை, பெர்கமோட், இங்கே எல்லாச் சமையலிலும் மணக்கும் கொம்பாவா போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். கர்ப்பத்தில் முகத்தில் மங்கு விழும் நேரத்தில் இது இன்னும் மோசம்.

எந்த எண்ணெயும் வேண்டாம் என்பவர்களுக்கு வெட்டிவேர் இருக்கிறது. பிரெஞ்சிலும் அதற்கு நம் பெயரே என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. இத்தீவின் சேன் ஜோசஃப் பக்கத்து மேடுகளில் விளையும் காய்ந்த வேரை ஒரு மெல்லிய துணியில் முடிந்து தலையணை அருகே வைத்தால் போதும். அளவு மீறும் கவலை இல்லை, நம் பாட்டிகளின் பானைத் தண்ணீரும் நினைவுக்கு வரும்.

குழந்தை பிறந்த பிறகு கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது, ஏனெனில் இப்போது அறையில் இன்னொரு மூக்கு இருக்கிறது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாயின் ஒரு மார்பகத்தை மட்டும் கழுவிவிட்டு, பிறந்த உடனேயே 30 குழந்தைகளை நடுவில் கிடத்தினார்கள். 22 குழந்தைகள் கழுவாத பக்கத்தையே தேடிப் போயின. தாயின் உடல் மணம்தான் அந்தப் பிஞ்சுக்கு வழிகாட்டி. மார்பிலும் கழுத்திலும் லாவெண்டரைத் தடவிக்கொண்டு, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பால் போதவில்லை போலிருக்கிறது என்று கலங்கிய ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் வெறும் தண்ணீரில் குளிக்கச் சொன்னதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

கற்பூரத்தைப் பற்றி மட்டும் குரலை உயர்த்தியே சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தடவுவதை அன்பின் அடையாளமாகவே நம் வீடுகளில் செய்கிறார்கள். என் தாயும் எனக்குச் செய்தவர்தான். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அளவு உள்ளே போனதே சிறு குழந்தையின் உயிரைப் பறித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன; பூசைக்கு வாங்கும் சில வில்லைகளிலேயே அவ்வளவு இருக்கும். கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால் வகைப் பொருள்கள் கொண்ட ஆசனவாய் மருந்துகளை முப்பது மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை கூறியிருக்கிறது. மென்தாலைக் குழந்தையின் மூக்கருகில் தடவினால் மூச்சே ஒரு கணம் நின்றுபோகலாம். அதேபோல், குளிப்பாட்டியதும் மூடிய அறையில் கரித்தணலில் போடும் சாம்பிராணிப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஏற்றதல்ல. பாட்டிமார்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சாமி அறையில் போட்டுச் சன்னலைத் திறந்துவிட்டு, குழந்தையை வேறு அறையில் வைத்திருங்கள் என்பதே. பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். தவறி எண்ணெய் எதையாவது குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பால் கொடுக்காமல், உடனே பிரான்சின் அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழைக்க வேண்டும். குப்பியைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

ஒரு தாயின் படுக்கையருகே ஏழு குப்பிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, வீட்டுக்குப் போனால் முதலில் குப்பிகளை எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிரசவமாகி அவருக்கு அது ஆறாவது வாரம். “ஒன்றும் கேட்கவில்லை அக்கா, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டேன்” என்றார். பிள்ளை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயம். பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலோர்க்கு இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது வேறு. பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, பாலூட்டும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு; லாவெண்டர் அதற்கு மருந்தல்ல. நாங்கள் உடனே மருத்துவரிடம் போனோம். அந்த ஏழு குப்பிகள் அவரைக் கெடுக்கவில்லை, ஆனால் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டன.

பிரான்சில் 2022 ஜூலையிலிருந்து, பிரசவத்துக்குப் பின் நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் ஒவ்வொரு தாயுடனும் ஓர் உரையாடல் நடத்துவது கட்டாயம். அதில் நான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்கிறேன், ஏனெனில் பிரெஞ்சில் கேட்டால் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்ற பாடம் செய்த விடையே வருகிறது. மாமியாரையும் கணவரையும் அப்போது வெளியே அமரச் சொல்வேன். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதின் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இதற்கு “ஒருபோதும் இல்லை” என்பதல்லாத எந்த விடை வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இந்த எண்ணம் இரவில் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரான்சின் தற்கொலைத் தடுப்பு எண்ணான 3114 எந்த நேரமும் இலவசமாக எடுக்கும் எண், அதை நான் தாய்க்கு மட்டுமல்லாமல் வெளியே அமர்ந்திருக்கும் இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டே எழுந்திருக்கிறேன்.