கென்யா ஷில்லிங், உகாண்டா ஷில்லிங்: பழைய விகிதப் பட்டியலை நம்பும் முன்

நைரோபியிலிருந்து மலபா எல்லை வழியாகக் கம்பாலாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும், இரு நாட்டுக் கணக்கையும் சேர்த்துத் தணிக்கை செய்கிறவர்களும், அந்த வட்டாரப் பொருளாதாரத்தை ஆராயும் மாணவர்களும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கென்யா–உகாண்டா நாணய மாற்று விகிதத்தை 1966 முதல் இன்றுவரை ஒரே நீளக் கயிறாக நினைத்து இழுத்துவிடுகிறார்கள். பல இடங்களில் அறுந்து முடிச்சுப் போட்ட கயிறு அது.

தொடக்கத்தில் விகிதம் என்ற பேச்சே இல்லை. முதல் உலகப் போர் முடியும்வரை அங்கே புழங்கியது நம் இந்திய ரூபாய். 1920-இல் ஃபுளோரின் என்ற நாணயம் வந்தது, அது நிலைக்கவில்லை. 1921 முதல் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20 என்று ஓடியது. 1966-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் தனித்தனி ஷில்லிங் அச்சடித்தன. மதிப்பு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. 1967-இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோதுகூட மூன்று நாடுகளும் அசையாமல் டாலருக்கு 7.14 என்றே நின்றன.

1970-களின் எண்களைத்தான் மிகவும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். உகாண்டாவை ஆண்ட இடி அமீன் 1972-இல் ஆசியர்களை வெளியேற்றிய பிறகு உகாண்டாவில் வணிகமும் உற்பத்தியும் சரிந்தன. ஆனாலும் அரசு அறிவித்த விகிதம் கென்யாவின் விகிதத்தை ஒட்டியே இருந்தது. 1975-இல் பிரேசிலில் உறைபனி தாக்கி உலகக் காபி விலை எகிறியதும், உகாண்டா விவசாயிகளின் காபி எல்லையோரச் செப்குபே சந்தை வழியாகக் கென்யாவுக்குக் கள்ளத்தனமாகப் போயிற்று. அந்தக் கள்ள வணிகத்துக்கு மகெண்டோ என்று பெயர். நிஜ விகிதம் அங்கேதான் இருந்தது. எந்த அரசுப் பட்டியலிலும் அதைப் பார்க்க முடியாது. 1981-இல் உகாண்டா ஷில்லிங்கின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்கவிட்டபோது, டாலருக்கு 8-க்கும் கீழே இருந்தது ஒரே அடியில் 78 அளவுக்குப் போனது. வரைபடத்தில் அது திடீர்ச் சரிவாகத் தெரியும். உண்மையில் பல ஆண்டுகளாக மூடிவைத்திருந்த சரிவு அன்றைக்கு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முடிச்சு 1987 மே மாதம். பழைய 100 ஷில்லிங்குக்குப் புதிய 1 ஷில்லிங் என்று மாற்றினார்கள். அதோடு 30 சதவீத மாற்று வரியும் பிடித்தார்கள். கையில் 10,000 பழைய ஷில்லிங் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது 100 அல்ல, 70. இங்கே பலர் 70-ஐ வைத்துப் பழைய விகிதத்தைத் திருத்துகிறார்கள். அது தவறு. வரி மக்களின் இருப்பைத்தான் குறைத்தது. நாணய அலகு மாறியது 100 மடங்கு. விகித வரிசையை இணைக்க 100 மட்டுமே போதும். இன்று ஒரு கென்யா ஷில்லிங்குக்கு 28 உகாண்டா ஷில்லிங் என்றால், 1966-இன் அலகில் அது 2,800. ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கியது வந்து சேர்ந்த தூரம் அது.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். கென்யா மத்திய வங்கியின் பட்டியலில் டாலர் பதிவு, ஒரு டாலருக்கு எத்தனை கென்யா ஷில்லிங் என்று சொல்கிறது. உகாண்டா, தான்சானியா பதிவுகள் தலைகீழ்: ஒரு கென்யா ஷில்லிங்குக்கு அவர்களுடையது எத்தனை. டாலர் பதிவில் எண் ஏறினால் கென்யா ஷில்லிங் நலிகிறது. உகாண்டா பதிவில் ஏறினால் வலுக்கிறது. எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால் லாபம் நட்டமாகவும் நட்டம் லாபமாகவும் புரண்டு நிற்கும்.

இந்த விகிதம் பெரும்பாலும் டாலர் வழியாகத்தான் பிறக்கிறது. 2024 ஜனவரியில் கென்யா ஷில்லிங் டாலருக்கு 160 வரை நலிந்தது. அந்த ஜூனில் முதிர இருந்த 200 கோடி டாலர் யூரோ பத்திரத்தை (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் டாலரில் வாங்கிய கடனை) எப்படி அடைப்பார்கள் என்ற அச்சமே பெரிய காரணம். பிப்ரவரியில் புதிய பத்திரம் விற்றதும் 130-ஐ நோக்கித் திரும்பியது. உகாண்டா ஷில்லிங் இந்தக் காலத்தில் அவ்வளவாக நகரவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் 24-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 28-ஐத் தாண்டியது. கம்பாலாவில் எதுவுமே நடக்காமல் கம்பாலா வியாபாரியின் கொள்முதல் விலை மாறிப்போனது.

கணக்குப் போடும்போது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான நடு விகிதத்தை எடுக்காதீர்கள். உதாரணத்துக்கு, நைரோபியில் வங்கி டாலர் வாங்கும் விலை 129, விற்கும் விலை 130. கம்பாலாவில் 3,650, 3,660 என்று வைத்துக்கொள்வோம். கென்யா பணத்தை உகாண்டா பணமாக்க, 130 கொடுத்து டாலர் வாங்கி 3,650-க்கு விற்கிறோம்: 28.08. திரும்பி வரும்போது 3,660-ஐ 129-ஆல் வகுக்க வேண்டும்: 28.37. போய் வந்தாலே ஏறத்தாழ 1 சதவீதம் கரைந்துவிடும். கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் கட்டணம் இல்லை என்று சொன்னாலும் இந்த இடைவெளி விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கைக்கு வந்த தொகையை அனுப்பிய தொகையால் வகுத்துப் பாருங்கள்.

எல்லையில் ரொக்கமாக மாற்றுகிறவர்கள் 1,000 ஷில்லிங் கென்யத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் பெரிய முகப்படம் உள்ள பழைய 1,000 தாள் 2019 செப்டம்பர் 30-க்குப் பிறகு செல்லாது. புதிய தாளில் நைரோபியின் கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையக் கட்டடம் இருக்கும்.