ஜன்னலை மாற்றும் முன் மேலே பாருங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் என் பெரியம்மாவின் ஓட்டு வீடு. பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க ஆட்கள் வந்திருந்தார்கள். நிலையின் பக்கக் கட்டையைப் பாதி அறுத்ததுமே ரம்பம் இறுகிக்கொண்டது. "ஏனுங்க, இழுத்தா வர மாட்டீங்குதுங்க" என்றார் அறுத்தவர். அண்ணாந்து பார்த்தால், செங்கல் வரிசை நடுவில் தொய்ந்திருந்தது. ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் படிக்கட்டு போல விரிசல். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததில் அது மறைந்தே கிடந்திருக்கிறது.

சுவரின் பாரம் கட்டையில் இறங்கியிருந்தால்தான் ரம்பம் இப்படிப் பிடிக்கும். அறுத்த பிளவை மேலிருந்து வரும் எடை மூடப் பார்க்கிறது. அந்த நொடியே வேலையை நிறுத்திவிட வேண்டும்.

செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆனாலும் திறப்புக்கு மேலே உள்ள சுவர் முழுக்க ஜன்னல் மேல் உட்காருவதில்லை. கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவாக நின்று, எடையைப் பக்கச் சுவர்களுக்குத் தள்ளிவிடும். வளைவுக்குக் கீழே உள்ள முக்கோணம் மட்டும்தான் தாங்குவார் இல்லாமல் தொங்கும். படிக்கட்டு விரிசல் பெரும்பாலும் அந்த முக்கோணத்தின் ஓரத்தைத்தான் காட்டுகிறது. 4 அடி அகல ஜன்னல், 9 அங்குலச் சுவர் என்றால், 45 பாகை சாய்வில் அந்த முக்கோணம் சுமார் 160 கிலோ. ஜன்னல் வீட்டு மூலையை ஒட்டி இருந்தால் வளைவு முட்டிக்கொள்ளப் பக்கத்தில் போதிய சுவர் இருக்காது. அப்போது பாரம் இன்னும் கூடும்.

இதைத் தாங்க வேண்டியது லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரில் குறுக்கே வைக்கும் உத்தரம். பழைய வீடுகள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு மரப்பலகைதான் இருக்கும். கரையான் அரித்தோ, காலப்போக்கில் வளைந்தோ அது இறங்கும்போது, பாரத்தை ஜன்னல் நிலை ஏற்றுக்கொள்கிறது. தேக்கு நிலை பல வருஷம் தாங்கும். பிளாஸ்டிக் சட்டம் தாங்காது. வளைந்துவிடும், கதவு நகராது, கண்ணாடி விரிசல் விடும்.

சரி, என்ன செய்வது? தொய்வுக்கு மேலே ஓட்டை போட்டு இரும்புக் கட்டைகளைக் குறுக்கே செருகி, உள்ளும் வெளியும் ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் தளர்ந்த கற்களை எடுப்பது. வார்த்து ஆறிய கான்கிரீட் லிண்டலை, இரண்டு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் ஏறும்படி வைக்க வேண்டும். எடுத்த கற்களைத் திரும்பக் கட்டி, அதற்கும் மேல்சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் ஈரம் குறைந்த சிமெண்ட் கலவையைக் கல் சில்லோடு இறுக அடிக்க வேண்டும். இந்தச் சந்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அது காலியாக இருந்தால், முட்டுகளை எடுத்ததும் சுவர் மறுபடி இறங்கித்தான் லிண்டலில் உட்காரும். கலவை இறுகும்வரை முட்டுகளைத் தொடக் கூடாது.

ஜன்னலுக்கு அளவு எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். ஓரங்களில் மட்டும் டேப் பிடிக்காமல் நடுவிலும் பிடித்துப் பார்த்து, குறைந்த உயரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். அதிலும் சட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டு, நுரையும் சிலிக்கானும் அடைக்கிறார்கள். வெயிலில் யூபிவிசி நீளும். அதற்கு அந்த இடம் வேண்டும்.