குதசை: ஜப்பானியர் வேண்டிக் கேட்கும் சொல்

ஜப்பானில் ஓர் உணவகத்தில் 'மிஸு ஓ குதசை' என்றால் தண்ணீர் வந்துவிடும். மிஸு தண்ணீர், ஓ நம் ஐ உருபு போன்றது. மிச்சமுள்ள குதசைக்குத் 'தயவுசெய்து' என்று பொருள் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. குதசை ஒரு வினைமுற்று, அதுவும் ஏவல்.

(ஆங்கில எழுத்தைப் பார்த்துக் 'குடாசாய்' என்று எழுதுவோர் உண்டு. அதில் நெடிலே கிடையாது.)

மூலவினை குதசரு: மேலிருப்பவர் எனக்குத் தருதல். 'கீழ்' என்பதைக் குறிக்கும் சீன எழுத்தால்தான் இதை எழுதுவார்கள். இறங்குதலைக் குறிக்கும் குதரு இதற்கு உறவு. தருபவர் உயரத்தில், பெறுபவர் கீழே. பணிவு அந்த உயர வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இன்னொரு வினையோடு சேரும்போது இது துணைவினை. 'கைதெ குதசை' என்பது அப்படியே நம் 'எழுதித் தாருங்கள்'. 'மத்தெ குதசை'யைக் 'காத்திருந்து தாருங்கள்' என்றால் சிரிப்பார்கள்; 'காத்திருங்கள்' போதும். ரயில் நிலைய அறிவிப்பில் 'ஒசகரி குதசை' என்று கேட்கும்: மஞ்சள் கோட்டுக்கு உள்ளே தள்ளி நில்லுங்கள். முன்னால் வரும் 'ஒ' மரியாதையைக் கூட்டுகிறது.

என்ன இருந்தாலும் ஏவல் ஏவல்தானே! மேலதிகாரியிடம் 'கைதெ குதசை' என்றால் உத்தரவு போலப் படும். அங்கே கேள்வியாக்கி 'கைதெ இத்ததக்கெமஸ் கா' என்பார்கள். இத்ததக்கு என்றால் முதலில் தலைமேல் வைத்தல். பிறகு, பணிவோடு பெறுதல். 'உங்களிடம் எழுதிப் பெறலாமா' என்பது கருத்து. சாப்பிடும் முன் சொல்லும் 'இத்ததக்கிமஸ்' இதே வினைதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? பொருளளவில் மிக நெருக்கம் 'அருள்': வந்தருள்க, காத்தருள்க. மேலிருந்து இறங்கும் கொடை இதிலும் உண்டு. ஆனால் பரிமாறுபவரிடம் 'தண்ணீர் தந்தருள்க' என்று கேட்க முடியாது. கேட்பவரின் நிலையைத் தருதல் வினையிலேயே காட்டும் வழக்கம் நமக்கும் இருந்தது: தொல்காப்பியம் 'ஈ' இழிந்தோன் கூற்று, 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று என்கிறது. அந்தக் கணக்குப்படி குதசைக்கு 'ஈ'தான் சரி. பேச்சில் அது இன்று இல்லை. ஆகவே பொருளைக் கேட்கும்போது 'தாருங்கள்', மற்ற வினைகளில் வெறும் 'உங்கள்' ஈறு. 'கொஞ்சம் தண்ணி தாங்க' என்பதில் எந்தத் தயவும் இல்லாமலே பணிவு வந்துவிடுகிறது.