165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 165 ஃப்ரேம் வேண்டுமா?

"1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டேன். எல்லா கேமிலும் 165 ஃப்ரேம் தரும் கிராபிக்ஸ் கார்டு என் பட்ஜெட்டில் இல்லை. மானிட்டருக்குப் போட்ட பணம் தண்டமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தண்டம் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் கணக்கு. கார்டு வரைந்து தரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்; 165 ஃப்ரேம் என்றால் விநாடிக்கு 165 படம். மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது ஹெர்ட்ஸ், அதாவது ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 165 ஹெர்ட்ஸில் அது 6.06 மில்லி விநாடி. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது என்பதையெல்லாம் பிராசஸர் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்கிறது. 1440பியில் (2560×1440) கார்டு சுமார் 37 லட்சம் பிக்சல்களுக்கு நிறம் தீட்ட வேண்டும். இரண்டில் எது பிந்தினாலும் ஃப்ரேம் பிந்தும்.

"கண்ணுக்கு 24 ஃப்ரேமுக்கு மேல் தெரியாது, எல்லாம் வியாபாரத் தந்திரம்" என்று யாராவது வந்து சொல்வார்கள். பூனை குறுக்கே போனால் சகுனம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 24 என்பது 1920களில் சினிமா பேசத் தொடங்கியபோது, ஒலி தெளிவாக வரவேண்டும், ஃபிலிமும் அதிகம் செலவாகக்கூடாது என்று முடிவான எண். கண் மருத்துவர் யாரும் அளந்து சொன்னதில்லை. மானிட்டரை 60க்கும் 165க்கும் மாற்றி மாற்றி வைத்து, மவுஸ் அம்பை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். 60இல் அம்பு விட்டுவிட்டுத் தெரியும் இடைவெளிகள் 165இல் சுருங்கிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்டு ஒரே சீராக வேலை செய்வதில்லை. வெறும் சுவரைப் பார்த்து நின்றால் 5 மில்லி விநாடியில் ஒரு ஃப்ரேம் முடியும். நாலு பக்கமும் புகையும் வெடியும் என்றால் 12 ஆகும். மானிட்டரோ பழைய முறையில் கடிகாரம் தப்பாமல் ஓடும். அது பாதிப் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது கார்டு புதுப்படத்தைக் கொடுத்தால் மேல்பாதி பழையது, கீழ்ப்பாதி புதியது என்று படம் கிழிந்து தெரியும். இதற்குப் பெயர் டியரிங். அதைத் தடுக்க வந்த வி-சிங்க், முழுப்படமும் தயாராகும்வரை அடுத்த முறைக்குக் காத்திருக்கச் சொன்னது. நேரப்படி கிளம்பும் டவுன் பஸ்ஸை அரை நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பஸ்வரை நிற்பதைப்போல, 7 மில்லி விநாடியில் முடிந்த ஃப்ரேம் 6.06ஐத் தவறவிட்டு, அடுத்த முறை வரும் 12.1 வரை நிற்கும். 142 ஃப்ரேம் தரக்கூடிய கார்டு 82இல் வந்து விழும். கேம் ஆடுபவர்கள் வி-சிங்க்கைத் திட்டியதில் நியாயம் உண்டு.

இதற்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு பழைய மிச்சத்திலிருந்து பிறந்தது. படக்குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்து முடித்ததும் மறுபடி மேல்மூலைக்கு ஏற வேண்டும். அந்த நேரத்தில் சிக்னலில் படம் இருக்காது. இதுதான் வெர்டிகல் பிளாங்கிங். எல்சிடியில் கற்றையும் இல்லை, ஏறவும் வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வெற்று வரிகள் போகவில்லை. வழக்கமான 1080பி சிக்னலில் இன்றும் 1125 வரிகள். அதில் 1080தான் படம், மீதி 45 வெறுமை.

அந்த வெறுமையை வேண்டிய மட்டும் இழுத்தால் என்ன? அடுத்த ஃப்ரேம் தயாராகும்வரை வெற்று வரிகளையே அனுப்பிக்கொண்டிருப்பது, தயாரானதும் படத்தை அனுப்புவது. மாறும் ரெஃப்ரெஷ் ரேட் என்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். இப்போது மானிட்டர் கார்டுக்காகக் காத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வரிகள் வரும் வேகம் மாறுவதில்லை. கேம் 60 ஃப்ரேமில் ஓடினாலும் உங்கள் மானிட்டர் ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழ்வரை சுமார் 6 மில்லி விநாடியில் வரைந்து முடித்துவிட்டு, மீதி 10 மில்லி விநாடி சும்மா இருக்கும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் அதே படத்தை 16 மில்லி விநாடி இழுத்து வரையும். ஆக, கார்டு 90 ஃப்ரேம்தான் தருகிறது என்றாலும் 165 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த காசு வேலை செய்கிறது.

எல்லையும் உண்டு. எல்சிடி பிக்சல் ஒரே நிறத்தை வெகுநேரம் பிடித்து வைக்காது. பல மானிட்டர்களில் 48 ஹெர்ட்ஸ்தான் அடிமட்டம். அதற்குக் கீழே போனால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒரே ஃப்ரேமை இருமுறை அனுப்பும்; 40 ஃப்ரேம் 80 ஹெர்ட்ஸாக ஓடும். மேல்பக்கம் 165ஐத் தாண்டினால் காத்திருக்க இடமே இல்லை. அதனால் கேமில் 160 அளவில் ஃப்ரேம் வரம்பு போட்டுவிடுவது நல்லது.

2013இல் கார்டு நிறுவனமான என்விடியா இதை ஜி-சிங்க் என்று கொண்டுவந்தபோது மானிட்டருக்குள் அவர்களுடைய தனி போர்டு வேண்டியிருந்தது, விலையும் ஏறியது. 2014 தொடக்கத்தில் அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி சாதாரண லேப்டாப்பிலேயே செய்து காட்டியது. லேப்டாப் திரைகளுக்கான இணைப்பில் பேட்டரி மிச்சப்படுத்துவதற்காக இந்த வசதி முன்பே இருந்தது! அதே ஆண்டு, திரைகளுக்கான பொதுத்தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு இதை அடாப்டிவ் சிங்க் என்று, மானிட்டரை இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. 2019இல் என்விடியாவும் அந்த மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. மேடையில் கைதட்டல் வாங்குவது கார்டுதான். பொதுத்தரம் எழுதும் கமிட்டிகளை யாரும் கொண்டாடுவதில்லை. நம் பணத்தை மிச்சப்படுத்தியது அவர்கள்தான் என்பது என் கட்சி.

அப்படியென்றால் எந்த கார்டு? சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைவிட ரிவ்யூக்களில் 1% லோ என்று தரும் எண்ணைப் பாருங்கள்; மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதை அது காட்டும். 90க்கும் 130க்கும் இடையில் ஊசலாடினால் மானிட்டர் சமாளித்துவிடும். திடீரென்று ஒரு ஃப்ரேம் 50 மில்லி விநாடி எடுத்தால் எந்த சிங்க்காலும் மறைக்க முடியாது. இந்தத் திணறலுக்கு ஒரு முக்கியக் காரணம் கார்டின் மெமரி போதாமை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகிறது. கார்டுக்குள் மெமரி விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரும்; நிரம்பி வழிந்து கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் வழி 32 ஜிபியாகக் குறுகிவிடும். 1440பிக்கு 16 ஜிபியே வாங்குங்கள்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள் மட்டும்தான் ஆடுவீர்களா? ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் பிந்துவது பிராசஸர். கார்டை மாற்றிப் பயனில்லை. 2025 தொடக்கத்தில் 549 டாலர் 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090க்கு நிகர் என்று என்விடியா மேடையில் சொன்னதே, அது ஃப்ரேம் ஜெனரேஷனை நம்பிச் சொன்னது. இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஊகித்து வரைவதால், பின்னால் வரும் நிஜ ஃப்ரேமைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தாக வேண்டும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், மவுஸ் அசைவு மட்டும் முன்னைவிட வேகமாகாது. கதை கேம்களுக்குச் சரி, துப்பாக்கிச் சண்டைக்கு வேண்டாம்.

அப்புறம் ஒன்று: விண்டோஸ் பல சமயம் புது மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 165 என்று மாற்றிவிட்டுப் பிறகு கார்டு கடைக்குக் கிளம்புங்கள்.