ஒரே புயலை ஐந்து முறை சுற்றிய கப்பல்

1845 பிப்ரவரியில் மொரிஷியஸிலிருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்டது 'சார்லஸ் ஹெடில்' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல். அதிக தூரம் போகுமுன்பே புயல் பிடித்துக்கொண்டது. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடினார்கள். ஏறக்குறைய ஐந்து நாள் அதே ஓட்டம். புயல் விட்ட பிறகு கணக்குப் பார்த்தால், கப்பல் ஓடியிருந்தது சுமார் 1,300 மைல். ஆனால் நின்ற இடமோ, ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 350 மைல் சொச்சம்தான். புயலின் நடுப்பகுதியை அது ஐந்து முறை சுற்றி வந்திருந்தது!

சுக்கான் பிடித்தவர்மேல் குற்றம் இல்லை. காற்று முதுகில் அடிக்கும்படி கப்பலை வைத்திருப்பதுதான் அவர் வேலை. அதைச் சரியாகவே செய்தார். காற்றின் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப, கப்பலும் கூடவே திரும்பியது. தெற்கு அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் போகும் பக்கம் சுழலும். சுழன்றபடியே அது நகர்ந்துகொண்டும் இருந்ததால், கப்பல் போன பாதை இழுத்து நீட்டிய ஸ்பிரிங் போல அமைந்தது.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்தப் புயலுக்கு நடுவிலும் யாரோ ஒருவர் கப்பலின் குறிப்பேடான லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்ததுதான். பாய்மரக் கப்பலின் அன்றாட வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பதிவுதான். மாலுமிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி நிற்பார்கள். அப்படியே விட்டால் நள்ளிரவு முறை தினமும் ஒரே அணியின் தலையில் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரையுள்ள முறையை இரண்டாக வெட்டினார்கள். ஒரு நாளுக்கு ஏழு முறை என்று ஆனதும், இன்று நள்ளிரவில் நின்றவர்களுக்கு நாளை அந்த நேரத்தில் தூக்கம் கிடைத்தது. அரை மணிக்கு ஒருமுறை மணல் கடிகாரம் கவிழும், மணி அடிக்கும். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கை வழியே ஓடுகிறது என்று எண்ணி வேகத்தைக் குறிப்பார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சினால்தான். வேகத்தோடு காற்றின் திசை, காற்றின் பலம், காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி காட்டும் அளவு எல்லாம் பதிவாகும்.

விடிகாலை நான்கு மணிக்குக் காவல் மாறுகிறது. புதிதாக வந்தவர் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பாரமானியைப் பார்க்கிறார். கப்பல் ஆடினால் பாதரசமும் துள்ளும் என்பதற்காகவே கப்பல் பாரமானியின் குழாயை ஓரிடத்தில் மிகக் குறுகலாகச் செய்திருப்பார்கள். வெப்ப மண்டலக் கடலில் அந்தப் பாதரசத்துக்கு ஓர் அழகான ஒழுங்கு உண்டு. காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். மாலை 4, விடிகாலை 4 வாக்கில் தாழ்வு. சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்திலேயே எழும் ஏற்ற இறக்கம் இது. மொத்த வித்தியாசம் காற்றழுத்த அலகில் சுமார் 3 மில்லிபார்தான், பாதரச உயரத்தில் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். இந்த ஒழுங்கு கெட்டு, அந்த வேளைக்கு வழக்கமான அளவைவிட 3 மில்லிபார் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்தால் விலகி ஓட ஆரம்பித்துவிட வேண்டும். அன்றாடம் எழுதி வைத்தவருக்குத்தான் வழக்கமான அளவு எது என்று தெரியும்.

பாரமானிக்கும் முந்திக்கொண்டு சேதி சொல்வது கடல். புயல் எழுப்பும் நீண்ட அலைகள் புயலைவிட வேகமாக ஓடும். 12 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் 18 நாட் வேகத்தில் பரவும்; புயலோ பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். ஆகவே காற்றே இல்லாத நாளில், எங்கிருந்தோ நிதானமாகப் பெரிய அலைகள் உருண்டு வந்தால், அவை வரும் திசையில் புயல் இருக்க வாய்ப்புண்டு.

இப்படிக் குவிந்த லாக் புத்தகங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தவர் ஹென்றி பிடிங்டன், முன்னாள் கப்பல் கேப்டன். 'சார்லஸ் ஹெடில்' கதையை ஆராய்ந்தவரும் அவரே. 1848-இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது. பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். கையேட்டோடு, விலங்குக் கொம்பை மெல்லிசாகச் சீவிச் செய்த இரண்டு தகடுகளும் இருந்தன, வடக்கு அரைக்கோளத்துக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. அவற்றின் மேல் சுழல் காற்றின் திசைகள் வரைந்திருக்கும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்தத் தகட்டைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, இப்போது அடிக்கும் காற்றின் திசை கப்பல் நிற்கும் புள்ளியோடு பொருந்தும்வரை நகர்த்த வேண்டும். தகட்டின் நடுப்புள்ளி எந்தத் திசையில் விழுகிறதோ, அந்தத் திசையில் புயலின் நடு.

வடக்கு அரைக்கோளத்தில் உள்ள வங்காள விரிகுடாவில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடு இடப்பக்கம் இருக்கும். நேராக முதுகில் வாங்கி ஓடினாலும் ஆபத்துதான், ஏனென்றால் கடல் மட்டத்தில் காற்று சற்று உள்நோக்கி வளைந்து வீசும். கப்பலையும் உள்ளே இழுக்கும். அதனால் காற்று வலப்பக்கப் பின்மூலையில் அடிக்கும்படி சுக்கானைத் திருப்பி, நடுவிலிருந்து விலகி ஓட வேண்டும். புயல் போகும் பாதைக்கு வலப்பக்கம் மாட்டிக்கொண்டால் நிலைமை மோசம். அங்கே சுழலும் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது.

நம் கரையில் நின்றும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். கிழக்கே புயல் இருக்கும்போது கரையில் வடக்கிலிருந்து வாடை வீசும். அது மேற்கிலிருந்து வீசும் கச்சானாகத் திரும்பினால், புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பினால், புயல் தெற்கே கடக்கிறது, நாம் அதன் வலப்பக்கம் இருக்கிறோம். கடலைக் கரைமேல் தள்ளுவது அந்தக் காற்றுதான்.